அரிசி மூட்டையில் ரகத்தின் பெயர்: தாம்பரம் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரம் வட்டாரம் எங்கும் இயங்கிவரும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, ஏரி ஆக்கிரமிப்பு என்று உங்கள் கூட்டங்களில் பேசித் தீராத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நெல் ஆராய்ச்சியைப் பற்றி உங்களிடம் ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கும் நெல் ரகங்களில் எது சிறு விவசாயியின் வயலுக்குப் போய்ச் சேரும், எது ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீட்டு விழாவோடு நின்றுபோகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, மாதாமாதம் அரிசி மூட்டை வாங்கும் நம் வீடுகள்தான். அந்த முடிவை நாம் தெரியாமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம். இனித் தெரிந்து எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்குச் செய்ய வேண்டியதும் சின்னதுதான்: அரிசியை அதன் ரகத்தின் பெயர் கேட்டு வாங்குவது.

இன்று நம் வீடுகள் நிற்கும் மனைகளில் பல ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்து ஆயக்கட்டு. மிச்சமிருக்கும் ஏரிகள் அதற்குச் சாட்சி. நெல்வயல் இப்போது படப்பை, மணிமங்கலம், திருப்போரூர், உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. அங்கே பயிரிடுபவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் சித்திரையை ஒட்டித் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை என்று மூன்று பட்டங்கள் உண்டு. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பொறுத்தே ஒருவர் ஒரு போகமா இரண்டு போகமா என்பது நிர்ணயமாகும். எனவே இந்தப் பகுதி விவசாயிக்கு நெல்லின் ‘வயது’ என்பதுதான் முதல் கணக்கு. 110 நாளில் அறுப்புக்கு வரும் நெல்லுக்கும் 140 நாள் நிற்கும் நெல்லுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மாதப் பாசனம். சம்பா அறுப்பு தள்ளிப்போனால் நவரைக்கு ஏரியில் தண்ணீர் இருக்காது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஒரு போகம் போவது என்றால் ஆண்டு வருமானத்தில் பாதி போவது.

இப்போது நம் அடுப்பங்கரைக்கு வாருங்கள். இந்த வட்டாரத்தில் சாப்பாட்டு அரிசி என்றால் பொன்னிதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு வயது 135 முதல் 140 நாள். பயிர் உயரமாக வளரும், காற்றும் மழையும் சேர்ந்தால் சாய்ந்துவிடும். அதே 1986இல் ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, அதைவிடவும் வயது கூடியது. குலை நோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எளிதில் ஆளாகும். நம் பக்கத்தில் சம்பா நெல் கதிர் பிடிக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழை ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் வயல்களிலும்தான் பெய்தது. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு எழும் சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் நம்மிடம் இருக்கிறது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவை, ஏற்கெனவே நம் விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர். 1009இல் சேர்த்து உருவாக்கியது அது. ஆனால் அதன் அரிசி குண்டு. சாப்பாட்டுக்குக் குண்டு அரிசியை நாம் தொடுவதில்லை என்பதால் தனியார் வியாபாரியும் அதை விரும்பிக் கேட்பதில்லை. ஆகவே மழைக்காலத்தில், தாழ்வான நிலத்தில், சாயும் என்று தெரிந்தும் நோய் வரும் என்று தெரிந்தும் சன்ன நெல்லை நடுபவர் அறியாமையால் நடவில்லை. விற்கும் சரக்கு அதுதான் என்பதால் நடுகிறார். அதன் ஆபத்து முழுக்க அவர் தலையில், அதன் ருசி நம் இலையில்.

உண்பவரின் நாக்கு ஆராய்ச்சியின் திசையையே மாற்றும் என்பது புதிய விஷயம் அல்ல. 1966இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8ஐ வெளியிட்டபோது அதன் மகசூல் உலகையே வியக்க வைத்தது. ஆனால் அரிசி மோட்டா, சோறு ஆறினால் விறைத்துப்போகும். பூச்சிக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் வந்த ஐ.ஆர். 20 தமிழ்நாட்டில் நிலைத்து நின்றதற்குக் காரணம், அரிசியும் சன்னமானது, பயிரும் திடமானது. அந்த ஐ.ஆர். 20இன் பெற்றோரில் ஒன்று நம் பக்கத்து நெல்: திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானை எதிர்த்து நிற்கும் குணத்தை அது கொடுத்தது. பிற்பாடு 1980களில் உலகிலேயே மிக அதிகப் பரப்பில் பயிரான ஐ.ஆர். 36இன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. டி.கே.எம். 6இன் பெற்றோரில் ஒன்று, கோயம்புத்தூரில் 1921இல் தேர்வு செய்த ஜி.இ.பி. 24 என்ற சன்ன நெல். அதே ஜி.இ.பி. 24 சம்பா மசூரியின் முன்னோரிலும் உண்டு. சென்னையைச் சுற்றியிருந்த ஏரிப் பாசன விவசாயிகளுக்காக ஒரு சிறிய நிலையம் செய்த வேலை ஆசியா முழுவதும் போயிற்று என்பதை இங்கே வாழும் நமக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில்கூட வந்திருக்க வேண்டிய செய்தி இது.

சரி, சன்ன அரிசிதான் வேண்டும் என்றால் அதிலேயே நோய் தாங்கும், வயது குறைந்த ரகத்தை விஞ்ஞானிகள் உருவாக்கித் தரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த மடலின் முழுக் காரணமும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது: உருவாக்கித் தந்துவிட்டார்கள். ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து உழைத்து 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டன. இலைக்கருகலை எதிர்க்கும் மூன்று மரபணுக்களைச் சம்பா மசூரிக்குள் வழக்கமான ஒட்டுக் கலப்பின் வழியாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றான எக்ஸ்.ஏ. 21 வந்த வழி மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடு. அங்கே தானாக முளைத்த ஒரு காட்டு நெல்தான் அதன் மூலம். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி அரிசியின் கிளைசெமிக் குறியீடு சுமார் 51 என்று சோதனையில் தெரியவந்தது, சர்க்கரை நோயாளிகள் இல்லாத வீடு அரிதான நம் குடியிருப்புகளுக்கு இது ஒரு முக்கியச் செய்தி. கோயம்புத்தூர் 2013இல் வெளியிட்ட கோ 51 சன்னமும்கூட, வயதும் 105 முதல் 110 நாள்தான். திரூர் நிலையமே 2015இல் பி.பி.டி. 5204க்கு மாற்றாக டி.கே.எம். 13ஐக் கொடுத்தது, வயது 130 நாள். இவற்றின் அரிசியைத் தட்டில் வைத்தால் பொன்னி சாப்பிட்டுப் பழகியவர் குறை சொல்ல அதிகம் இருக்காது. ஆனால் தாம்பரம் சந்தையில் இவற்றில் ஒன்றின் பெயரையாவது மூட்டையின் மேல் அச்சில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். வணிகப் பெயர் இருக்கும், ‘பொன்னி’ இருக்கும், ‘கர்நாடகா பொன்னி’ இருக்கும், புதுசு பழசு இருக்கும். உள்ளே இருக்கும் நெல் எந்த ரகம் என்பதை மூட்டை சொல்லாது.

இந்தப் பெயர் எந்த இடத்தில் தொலைகிறது என்று பாருங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று ஒவ்வொரு படியிலும் ரகத்தின் பெயர் கட்டாயம். விவசாயி வாங்கும் சான்று விதைப் பையில் நீல அட்டை தைத்திருக்கும், அதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கும். நாற்றங்காலில் பெயர் இருக்கிறது, வயலில் இருக்கிறது, களத்து மேட்டிலும் இருக்கிறது. நெல் அங்கிருந்து கைமாறும் இடத்தில் பெயர் போய்விடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் இரண்டே வகைதான்: சன்னம், பொது. அரிசியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரிப்பது அது. 2024-25க்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,320 ரூபாயும் 2,300 ரூபாயும், வித்தியாசம் வெறும் 20 ரூபாய். தனியார் ஆலையில் வேறு கணக்கு. அங்கே நகரத்தில் எந்தப் பெயர் ஓடுகிறதோ அந்தப் பெயருக்கு ஒத்துப்போகும் நெல்லுக்கு விலை. நோய் தாங்கும் சம்பா மசூரிக்கும் நோய் தாங்காத சம்பா மசூரிக்கும் அரிசியைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. எனவே விலையிலும் வித்தியாசம் கிடையாது. புதிய விதை தேடிப்போய் வாங்க விவசாயிக்கு ஊக்கம் இல்லை. அவர் கேட்காததால் விதைக் கிடங்கு இருப்பு வைக்காது. கிடங்கு கேட்காததால் வல்லுநர் விதைக்கான தேவைப்பட்டியலில் அந்த ரகம் கீழே போகும். தேவைப்பட்டியலில் கீழே போன ரகத்தைத் ‘தோல்வி’ என்று எழுதிவிடுவார்கள். தோற்றது ரகம் அல்ல, அதன் பெயர் ஆலை வாசலைத் தாண்டாததுதான் தோல்வி.

வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் இதே பிரச்சினை இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கேயும் சிறு விவசாயிகள், அங்கேயும் மழையை நம்பிய நிலம். மேற்கு ஆப்பிரிக்க நெல் மேம்பாட்டு அமைப்பில் மான்டி ஜோன்ஸ் என்ற சியரா லியோன் விஞ்ஞானியின் குழு, ஆப்பிரிக்க நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்து 1990களில் ‘நெரிக்கா’ ரகங்களை உருவாக்கியது. 2004இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், விவசாயிகளை, குறிப்பாகப் பெண்களை, சோதனை வயலுக்கு வரவழைத்து அவர்களே ரகத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. ஆனால் விளைவிப்பவர் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா? செனகல் நாட்டின் தலைநகர் டக்காரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலனி ஆட்சியில் இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யரிசியை அங்கே இறக்கினார்கள். தலைமுறைகள் கடந்து அந்த நகரத்தின் நாக்கு நொய்யரிசிக்குப் பழகிவிட்டது. செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணையும் வாய்க்காலும் கட்டி, நல்ல ரகங்களும் கொடுத்து, விவசாயிகள் நெல்லை விளைவித்த பிறகும் டக்கார் நீண்ட காலம் இறக்குமதி அரிசியையே வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர் அரிசி சீராக அரைபடாது, கல்லும் குறுநொய்யும் கலந்து வரும் என்ற பெயர் அதற்கு இருந்தது. ஆலைகள் மேம்பட்டு, அரிசி தரம் பிரித்துத் தனிப் பெயரோடு பையில் வந்த பிறகுதான் நகரம் திரும்பிப் பார்த்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஆப்பிரிக்காவிலேயே உண்டு. வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நல்ல வழி என்று விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க மக்கள் சாப்பிட்டுப் பழகியது மாவுத்தன்மை கூடிய வெள்ளைக் கிழங்கு. ஆரம்பத்தில் வந்த ஆரஞ்சுக் கிழங்குகள் வெந்ததும் நீர்த்துப்போயின, பெரியவர்கள் ஒதுக்கினார்கள். மொசாம்பிக்கில் மரியா அந்திராடேயும் உகாண்டாவில் ராபர்ட் முவாங்காவும் மாவுத்தன்மையைக் கூட்டி, வறட்சியையும் நோயையும் தாங்கும் ரகங்களை உருவாக்கினார்கள். ஜேன் லோ அவற்றைத் தாய்மார்களிடம் கொண்டுபோகும் வழிகளை வகுத்தார். வானொலி, தெரு நாடகம், ஆரஞ்சு வண்ணம் பூசிய வண்டிகள், சந்தைக் கடைகள் என்று ரகத்தை நிறத்தாலேயே அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்கப் பழக்கினார்கள். 2016இல் இவர்கள் மூவரும் இன்னொருவரோடு சேர்ந்து உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பயிர் மேம்பாடு சோதனை வயலில் முடிவதில்லை, சந்தையில் கேட்டு வாங்கும் கையில்தான் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நமக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. கிழங்கின் நிறம் கண்ணுக்குத் தெரியும். நெல்லை உரித்து வெளுத்த பிறகு ரகத்தைக் காட்டிக்கொடுப்பது பெயர் ஒன்றுதான்.

உங்களில் சிலர், எந்த அரிசி சாப்பிடுவது என்பது எங்கள் வீட்டு விஷயம், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று சொல்லலாம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சன்ன அரிசியை விடுங்கள், குண்டு அரிசிக்கு மாறுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்பது நடக்காத காரியம், அநாவசியமும்கூட. சன்னமே சாப்பிடுங்கள், அது எந்தச் சன்னம் என்று மட்டும் கேளுங்கள் என்கிறேன். வேறு சிலர், பாரம்பரிய நெல் இருக்கும்போது ஆராய்ச்சி நிலைய ரகங்கள் எதற்கு என்பார்கள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய நாட்டு ரகங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வெள்ளம் தாங்கும் மரபணு கிடைத்ததே ஒரு நாட்டு நெல்லிலிருந்துதான். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றுக்கு வயது அதிகம், மகசூல் குறைவு. ஏரித் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் விவசாயி தன் இரண்டு ஏக்கரையும் அதற்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பாரம்பரிய அரிசிக் கடைகள் ஒரு பெரிய உண்மையை நிரூபித்திருக்கின்றன. கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி என்று ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம், பெயருக்கு உரிய விலையும் கொடுக்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தில் இந்தப் பெயர்களை எத்தனை பேர் கேட்டார்கள்? பெயர் கேட்டு வாங்கும் பழக்கம் வராது என்பதற்கு இனி இடமில்லை. அதே மரியாதையைக் கோ 51க்கும் டி.கே.எம். 13க்கும் கொடுக்கலாம்.

ஒரு புறநகர் கேட்டு என்ன ஆகிவிடும் என்பது அடுத்த ஐயம். அரிசி வியாபாரம் எவ்வளவு வேகமாக வளைந்து கொடுக்கும் என்பதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டைகள் இறங்கின. எடையையே மாற்றி அச்சிட முடிந்தவர்களுக்கு ரகத்தின் பெயரை ஒரு வரியாகச் சேர்ப்பது பெரிய செலவல்ல. கேட்பவர் இல்லாததால் சேர்க்கவில்லை. அச்சிட்ட பெயர் உண்மைதான் என்று எப்படி நம்புவது என்பதே எதிர்ப்புகளில் வலுவானது என்று நினைக்கிறேன். பல ஊர் நெல்லைக் கலந்து அரைக்கும் பெரிய ஆலையின் மூட்டையில் அச்சிட்ட பெயரை உடனே நம்பிவிட முடியாதுதான். அதனால்தான் தனித்தனி வீடுகளுக்கு எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து அறுவடைக்கு முன்பே சொல்லிவைத்தால், ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரே ரகத்தைத் தனியாக அரைத்துத் தரும் அளவுக்கு அது போதுமான சரக்கு. அவர்களிடம் விதை வாங்கிய ரசீதும் நீல அட்டையும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நம்பிக்கை சிறிய வட்டத்தில் பிறந்துதான் பெரிய சந்தைக்குப் போக முடியும்.

எனவே மூன்று வேலைகளை உங்கள் அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் அரிசிக் கடையில், மூட்டையில் ரகமும் விளைந்த மாவட்டமும் அச்சிட வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் எழுத்துமூலம் கேளுங்கள். காட்டாங்கொளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நம் மாவட்ட விவசாயிகள் இந்தப் பட்டத்தில் எந்த ரகங்களை நட்டிருக்கிறார்கள், எந்தக் குழுவிடம் நேரடியாக வாங்கலாம் என்பதை அங்கே விசாரியுங்கள். வரும் சம்பா அறுவடைக்கு ஒரே ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்து, விருப்பமுள்ள குடும்பங்களின் பட்டியலோடு முன்பதிவு செய்யுங்கள். சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வரும், அரைத்து வீடு வந்து சேரப் பங்குனி ஆகும். ஐப்பசிக்குள் சொல்லிவிட்டால் விவசாயிக்கும் அரைவைக்கும் நேரம் போதும்.

அன்புடன்,
உங்களைப் போலவே மூட்டை அரிசி வாங்கும் ஒருவர்